மாட்டு வண்டியில் வந்த புத்தகம்



இந்த மாதம் வாசிப்பைப் பற்றி எழுதச் சொன்னார்கள். "செல்போன் கெடுதல், புத்தகம் நல்லது" என்று நாலு வரியில் முடித்துவிடலாம். அதை நீங்க கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருப்பீங்க. அதனால் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலம் தாண்டினால் சீர்காழி. அங்கே 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் உட்காரப் பிடிக்காமல், பழைய வேலையே போதும் என்று கேட்டாராம்! பிறகு லண்டன் போய் நூலகப் படிப்பு படித்தார். அங்கே குழந்தைகளும் தொழிலாளிகளும் நூலகத்துக்கு வருவதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மனசு மாறியது. ஒரு பொம்மைக் கடையில், துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டும் 'மெக்கானோ' விளையாட்டுச் சாமானைப் பார்த்து, புத்தகங்களை வகைப்படுத்தும் புது முறைக்கே யோசனை பிடித்தார். அது 1933-ல் நூலாக வந்தது.

திரும்பி வந்து அவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அலமாரிகளைத் திறந்துவிட்டார். படிக்க வருகிறவர் தானே போய், தொட்டுப் பார்த்து, புரட்டிப் பார்த்து எடுக்கலாம்.

1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டு வண்டியையே நூலகமாக்கினார். அதைத் தொடங்கி வைத்தவரும் ரங்கநாதன்தான். வண்டி ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்தது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்ததற்கும் அவர் உழைப்பு பெரிய காரணம். உங்க வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒன்று கட்டுகிறோமே, அது அந்தச் சட்டத்தால் வந்தது. ஆக, கிளை நூலகத்துப் புத்தகம் நம்ம காசு!

இப்போ நம்ம கதைக்கு வருவோம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, சின்ன வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ல்தான் திறந்தது. அப்போது எழுத்துக் கூட்ட வேண்டிய வயசில் இருந்தவர்களுக்கு எழுத்துக்கு முன்னாடி போன் கைக்கு வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கு? ஆனால் போனில் ஒரு விஷயம் கவனிங்க. நமக்கு எது பிடிக்கும் என்று அதுவே கணக்குப் போட்டு, அடுத்தடுத்துக் கொண்டு வந்து நீட்டும். புத்தகம் அப்படி இல்லை. கதையில் ஆறு வந்தால் அது எவ்வளவு அகலம் என்று நாமே மனசில் வரைந்துகொள்ள வேண்டும். முதலில் கஷ்டம்தான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்கிறேன். மீன்பிடிக்கிற வீட்டுப் பையன் ஒருத்தன் ராஜா கதை கொடுத்தால் மூடி வைத்துவிடுவான். ஒருநாள் அலையாத்திக் காடு பற்றிய மெல்லிய புத்தகம் அவன் கையில் மாட்டியது. சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நிற்பவை மூச்சு வேர்கள், சில மரங்களில் விதை மரத்திலேயே முளைத்துத் தொங்கும் என்று போட்டிருந்தது. எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுப் பக்கமும் வாசித்தான். நண்டு வந்த பக்கத்தில் நிறுத்தி, "அண்ணே, இதுல தப்பா எழுதியிருக்காங்க, எங்க உப்பனாத்துல நண்டு இப்படி இருக்காது" என்றான்! புத்தகத்தோடு சண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டானே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். யாருக்கு எந்தப் புத்தகம் என்று பார்த்துக் கொடுக்கணும் என்று ரங்கநாதன் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் வகுப்பு அலமாரியைப் பூட்டாமல் வைக்கக் கேட்டிருக்கிறோம். சார் சரி என்றுவிட்டார். புத்தகம் கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், பசை என்னிடம் இருக்கிறது. எடுப்பவர்கள் நோட்டில் பெயர் எழுதவும்.

பின்குறிப்பு: நண்டுப் புத்தகத்தை எடுத்துப் போனவர் சீக்கிரம் கொண்டு வரவும். இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள்.