சேலம்–சென்னை விமானத்தில் அரை மணி நேரமா?

நம்பிக்கை: சேலத்திலிருந்து சென்னை 340 கி.மீ.

உண்மை: அது தரைக்கணக்கு. உளுந்தூர்பேட்டை வழியாகப் போகும் சாலை ஏறக்குறைய அவ்வளவு. ஜோலார்பேட்டை, காட்பாடி சுற்றிப் போகும் ரயில் பாதை 334 கி.மீ. ஒன்று தெற்கே வளைகிறது, மற்றது வடக்கே. நடுவே கல்வராயனும் ஜவ்வாதும் உட்கார்ந்திருக்கின்றனவே! ஓமலூர் பக்கத்துக் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 265 கி.மீ.தான்.

அந்தக் கோட்டைத் தரையிலேயே போடப் பார்த்ததுதான் 2018-ல் வந்த எட்டு வழிச்சாலைத் திட்டம். அரூர், திருவண்ணாமலை வழியாக 277 கி.மீ. தோப்பிலும் வயலிலும் அளவுக்கல் நட்டதும் விவசாயிகள் கொதித்தார்கள். நிலம் எடுப்பை 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. புதிதாக அறிவிக்கை வெளியிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் சாலை வந்தபாடில்லை. விமானத்துக்கு அந்த வழக்கெல்லாம் கிடையாது, கீழே யார் கிணறு இருந்தால் அதற்கென்ன.

நம்பிக்கை: மணிக்கு 500 கி.மீ. வேகம் என்றால் அரை மணியில் இறங்கிவிடலாம்.

உண்மை: 2023 அக்டோபரில் சேலத்துக்கு மறுபடி வந்த விமானம் ஏடிஆர் 72. மேலே ஏறிச் சமநிலைக்கு வந்த பிறகுதான் அந்த வேகம். இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறுவதும் இறங்குவதுமே வழியில் பெரும்பங்கைத் தின்றுவிடும். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் நின்ற இடத்தைவிட்டு நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை. எனவே ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஜெட் வந்தாலும் சில நிமிடங்கள்தான் மிச்சமாகும்.

நம்பிக்கை: எப்படிப் பார்த்தாலும் விமானம்தான் சீக்கிரம்.

உண்மை: நாமக்கல் லாரிக்காரரிடம் பெங்களூரு எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் சொல்ல மாட்டார். "தொப்பூர்ல சிக்கலீன்னா ஆறு மணி நேரமாகுங்க" என்பார். சரியான கணக்கு அதுதான். சென்னை விமானத்தைப் பிடிக்க நாமக்கல்லிலிருந்து காமலாபுரம் போகவே 70 கி.மீ. அளவு. புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்டர் மூடிவிடும். பெட்டி வந்து, வெளியே வந்து, சென்னை நெரிசலைத் தாண்டி வீடு சேர இன்னொரு மணி. கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரத்தைத் தொடுகிறது. சேலம் நகரத்துக்காரருக்கு 2023 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயில் நாலு மணி நேரத்துக்குள் சென்ட்ரலிலேயே இறக்கிவிடுகிறது.

பெங்களூரு கதை இன்னும் வேடிக்கை. விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். எலெக்ட்ரானிக் சிட்டியோ நம் பக்கம், ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. அங்கே வேலை என்றால் பஸ்ஸே போதும்.

சென்னையிலோ பெங்களூரிலோ இறங்கி சிங்கப்பூருக்கோ டெல்லிக்கோ வேறு விமானம் மாறுகிறவர்களுக்குத்தான் காமலாபுரம் உண்மையில் கைகொடுக்கும். அப்போது இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் நஷ்டம் உங்கள் தலையில்தான்.