பூட்டிய பெட்டி உயிர் காக்கக்கூடும்

பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் மரக்கறி செய்யும் வீடுகளிலும் தோட்டத்து லயன்களிலும் கிருமிநாசினியைப் பூட்டி வைப்பது பிள்ளைகளுக்காக மட்டுமல்ல, பெரியவர்களுக்காகவும்தான். 1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். கடும் நச்சுள்ள கிருமிநாசினிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ‘சாகத் துணிந்தவர் வேறு வழி தேடுவார்’ என்பார்கள். அப்படியானால் மொத்த எண்ணிக்கை இவ்வளவு குறைந்திருக்காது. பலருக்கு அந்த எண்ணம் கோபத்தோடு வந்து கோபத்தோடு போவது; நஞ்சு கைக்கெட்டாமல் அந்த நேரத்தைக் கடந்தால் வாழும் ஆசை திரும்பக்கூடும்.

‘கடனும் வறுமையும் தீராமல் பூட்டு என்ன செய்யும்?’ என்பதும் நியாயமான கேள்வியே. பூட்டு கடனை அடைக்காது. ஆனால் கடனை அடைக்க ஆளை மிச்சம் வைக்கக்கூடும். ஆகவே கிருமிநாசினியைத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். வீட்டுக்கு வெளியே பூட்டி, சாவியைப் பொறுப்பானவரிடம் கொடுங்கள். வாடிப்போனவரிடம் ‘சாக நினைக்கிறீர்களா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. தேசிய மனநல உதவிக்கு 1926, அவசர அம்புலன்சுக்கு 1990. இரண்டு எண்களையும் இன்றே சுவரில் எழுதி வையுங்கள்.