எக்ஸ்டெண்டட் வாரண்டி: பில் போடும் முன் போட வேண்டிய கணக்கு

டி.வி. பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது, கார்டை நீட்டப் போகிறீர்கள். அப்போதுதான் கேட்பார்கள்: "சார், இன்னும் ரெண்டு வருஷத்துக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி சேத்துப் போட்டுடட்டுமா?" பெங்களூரில் வரமகாலட்சுமி, ஆயுத பூஜை விற்பனைக் கூட்டத்தில் இதை யோசிக்க அரை நிமிஷம்கூடக் கிடைக்காது. முடிவை முந்தின நாளே வீட்டில் எடுத்துக்கொண்டு போவது நல்லது.

முதலில், கம்பெனி ஏற்கெனவே என்ன தருகிறது என்று பாருங்கள். ஃபிரிட்ஜ் கதவில் 'கம்ப்ரஸருக்கு 10 வருஷம்', வாஷிங் மெஷினில் 'மோட்டாருக்கு 10 வருஷம்' என்று ஸ்டிக்கர் இருக்கும். பெரும்பாலும் அது அந்த ஒரு பாகத்துக்கு மட்டும்தான். மெக்கானிக் வந்து போகும் கூலி, கேஸ் நிரப்பும் செலவு, சர்க்யூட் போர்டு எல்லாம் முதல் வருஷத்தோடு முடிந்துவிடும். ஆக, நீங்கள் காசு கொடுத்து வாங்கப் போகும் பிளான் போர்டுக்கும் கூலிக்கும் பொறுப்பேற்கிறதா என்பதே கேள்வி. "கம்ப்ரஸரும் கவர் ஆகும் சார்" என்று விற்பவர் சொன்னால், இருப்பதையே இன்னொரு தடவை விற்கிறார்.

அடுத்து கணக்கு. 32,000 ரூபாய் வாஷிங் மெஷினுக்கு இரண்டு வருஷ பிளான் 3,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போர்டு மாற்ற 6,000 ஆகும் என்றால், அந்த இரண்டு வருஷத்தில் போர்டு போவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருந்தால்தான் பிளான் கட்டுப்படியாகும். அவ்வளவு மோசமான மெஷின் என்றால் அதை வாங்கவே கூடாது. பெரிய டி.வி.யின் கதை வேறு. பேனல் போனால் மாற்றும் செலவு டி.வி. விலையில் பாதியைத் தாண்டிவிடும், தெருக்கோடி மெக்கானிக்கால் எதுவும் செய்ய முடியாது. விலையுயர்ந்த டி.வி.க்கும், மதர்போர்டு போனால் கையைக் கடிக்கும் லேப்டாப்புக்கும் பிளானைப் பரிசீலிக்கலாம். மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், ஹெட்போன் போன்றவற்றுக்கு வேண்டவே வேண்டாம்.

போனுக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி பெரும்பாலும் வீண். போன் தானாகக் கெட்டுப்போவதைவிடக் கை தவறி விழுவதுதான் அதிகம், விழுந்து உடைந்ததற்கு வாரண்டி கிடையாது. அதற்கு விபத்துச் சேத பிளான் என்று தனியாக இருக்கிறது. அதை எடுப்பதானால், ஒவ்வொரு தடவையும் உங்கள் கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும், வருஷத்துக்கு எத்தனை தடவை செய்து தருவார்கள் என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பொடி எழுத்து. பெங்களூர்க்காரர்கள் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். 'எவற்றுக்குப் பொருந்தாது' என்ற பகுதியில் வழக்கமாக வருபவை: மின்னழுத்த ஏற்ற இறக்கம், மின்னல், பூச்சி, பல்லி, துரு, உப்புப் படிவு, வணிகப் பயன்பாடு. ஏப்ரல், மே மாத இடிமழையில் கரண்ட் போய்ப் போய் வருவது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிய பிறகும் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பும் அடுக்ககங்கள் ஏராளம். அந்த உப்புத் தண்ணீர் கீஸரையும் வாஷிங் மெஷினையும் தின்கிறது. பி.ஜி. நடத்துபவர் வாங்கிய மெஷின் என்றால் 'வணிகப் பயன்பாடு' என்ற ஒரு வார்த்தையில் கதை முடிந்தது. நம் ஊரில் எதனால் பொருள் கெடுகிறதோ அதையே பிளான் விலக்கி வைத்திருக்கிறது என்றால், அந்தப் பணத்தில் ஸ்டெபிலைசரோ, சர்ஜ் புரொடெக்டரோ, உப்பு வடிகட்டியோ வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

பொடி எழுத்தில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: பழுது பார்க்க முடியாமல் போனால் என்ன தருவார்கள்? பல பிளான்கள் தேய்மானம் கழித்த மதிப்பைத்தான் தருகின்றன, அதுவும் சில சமயம் கூப்பனாக. மூன்றாவது வருஷத்தில் அது எவ்வளவு என்று அட்டவணை இருக்கும். அட்டவணையைக் காட்ட மறுக்கும் கடையில் பிளான் எடுக்காதீர்கள்.

வெளியே பழுது பார்க்க என்ன ஆகும் என்பதை அறிய இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. எஸ்.பி. ரோடு என்று எல்லோரும் சொல்லும் சதர் பத்ரப்ப ரோட்டில் லேப்டாப் ஸ்கிரீன், கீபோர்டு, பேட்டரி என்று வரிசையாகக் கடைகள். வாங்கப்போகும் மாடலின் பெயரைச் சொல்லி இரண்டு கடைகளில் விசாரித்தால் ஸ்கிரீன் மாற்ற எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தொகை பிளான் விலையை ஒட்டியே இருந்தால் பிளான் தேவையில்லை.

பிளானைத் தருவது யார் என்பதும் முக்கியம். பொருள் தயாரித்த கம்பெனியே தருவதானால் அசல் பாகம் கிடைக்கும், அலைச்சலும் குறைவு. அவற்றில் பலவற்றை முதல் வருஷ வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், வாங்கும் அன்றே எடுக்க வேண்டுமென்பதில்லை. கடையோ மூன்றாம் கம்பெனியோ தருவதானால், உங்கள் பின்கோடில் சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். வேலை மாறி அடுத்த வருஷம் ஓசூருக்கோ கோயம்புத்தூருக்கோ போகக்கூடியவர்கள் அந்த ஊர்ப் பின்கோடையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இ.எம்.ஐ.யில் வாங்குபவர்கள் கடன் தொகையைப் பொருளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளான் சத்தமில்லாமல் உள்ளே புகுந்து, அதற்கும் தவணை ஓடும். ஆன்லைனிலும் இதே வேலை நடக்கும். உங்களைக் கேட்காமல் கூடையில் பிளானைச் சேர்ப்பது, 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகளின்படி தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. டிக்கை எடுத்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

எடுத்தே தீர்வது என்று முடிவானால், பில்லை அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். தெர்மல் தாளில் அச்சான பில் நாளடைவில் வெளுத்துவிடும், பிளான் தொடங்கும்போது கையில் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும். சான்றிதழ் மின்னஞ்சலில் வந்ததும் பெயரும் சீரியல் நம்பரும் சரியா என்று பொருளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேட்டும் செய்து தரவில்லை என்றால் முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான இதில் தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். உங்கள் பிளான் உண்மையில் இன்சூரன்ஸ் பாலிசியாக இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்த பிறகு, ஜே.பி. நகர் ஜீவன் சௌதாவில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடமும் போகலாம். பிளான் எது, பாலிசி எது என்பது சான்றிதழில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும்.