குறைந்த செலவில் குறுக்குவழி விசைகள்

ஆட்டோகேடில் படம் வரையும்போது நம் கைகளைச் சற்றுக் கவனியுங்கள். வலது கை மவுஸோடு ஓடிக்கொண்டே இருக்கும். இடது கை பெரும்பாலும் சும்மா கிடக்கும். ஒவ்வொரு கட்டளைக்கும் திரையிலிருந்து கண்ணை எடுத்து, கீபோர்டில் எழுத்தைத் தேட வேண்டும். சின்ன வயதிலிருந்தே வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தவர்களுக்கு இது பழகிய விஷயம். என்னைப் போல் குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்து, கல்லூரி லேபில்தான் கீபோர்டைத் தொட்டவர்களுக்கு அந்தத் தேடலிலேயே நேரம் போய்விடும். இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு எளிய வழியை இங்கே பார்ப்போம்.

சிறிய லேப்டாப்களில் வலது ஓரத்து எண் விசைகள் இருக்காது. அதற்காகத் தனி யூ.எஸ்.பி. நம்பர் பேடு விற்கிறார்கள். அண்ணா சாலைக்குப் பக்கத்தில் உள்ள ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிட்டு வரலாம். இதையே இடது கைப் பக்கம் வைத்துக் கட்டளைப் பலகையாக மாற்றலாம்.

1. முதலில் எண்ணுங்கள்: ஒரு படம் முழுதாக வரைந்து, லைன், ட்ரிம், ஆஃப்செட், காப்பி, மூவ் என எந்தக் கட்டளை எத்தனை முறை வந்தது என்று நோட்டில் கோடு போட்டுக் குறியுங்கள். முதல் ஒன்பதை மட்டும் எடுங்கள்.

2. இடம் கொடுங்கள்: 5-ஆம் விசையில் சிறு மேடு இருக்கும். நடுவிரல் அங்கே; ஆள்காட்டி விரல் 6-இல், மோதிர விரல் 4-இல். அதிகம் வரும் மூன்று கட்டளைகளுக்கு இந்த மூன்று விசைகள். அன்டூவுக்குப் பெரிய 0 விசை. இது புதிய தத்துவம் இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த தமிழ் 99 விசைப்பலகையும் இப்படித்தான். அ, இ, உ இடது கையின் நடுவரிசையில். க, ப, ம, த வலது கையின் நடுவரிசையில்.

3. புரோகிராம் செய்யுங்கள்: ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருள் போதும். நம் லாக் அணைந்திருக்கும்போது 1 என்ற விசை எண்ட் ஆகவும், 7 ஹோம் ஆகவும் வேலை செய்யும். இந்த நிலைக்கு மட்டும் கட்டளைகளை எழுதுங்கள். உதாரணமாக, ஒரு விசையைத் தட்டினால் 'எல்' எழுத்தும் என்டரும் போக வேண்டும், லைன் தயார். நம் லாக்கைப் போட்டால் அது பழையபடி நம்பர் பேடு. அளவுகளை மேல்வரிசை எண்களில் அடிக்கலாம்.

கவனிக்க: கம்ப்யூட்டரில் ஏற்கெனவே எண் விசைகள் இருந்தால், இம்முறையில் இரண்டும் ஒன்றாகவே மாறிவிடும். மேலும் சாதா பேடுக்கு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் மென்பொருள் வேண்டும். லேபில் அனுமதி இல்லேன்னா முடியாது. புரோகிராமபிள் பேடு அப்படியல்ல. கட்டளைகள் அதன் நினைவகத்திலேயே தங்கும். விலை கூடுதல். வாங்குமுன் கடைக்காரரிடம், "அண்ணே, செட்டிங் பேடுக்குள்ளேயே சேவ் ஆகுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக முக்கியமான விஷயம். தேர்விலும் வேலைக்கான டெஸ்டிலும் நம் பேடு கூட வராது. மயிலாப்பூர், தி.நகர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்களில் விரல்களுக்கு இடம் பழக்குவது போல, லைனுக்கு எல், காப்பிக்கு சி.ஓ., ட்ரிம்முக்கு டி.ஆர். என்ற சுருக்கங்களையும் தினம் கால் மணி நேரம் கீபோர்டிலேயே அடித்துப் பழகுங்கள். பேடு வேலையை விரைவாக்கும். வேலை வாங்கித் தருவது மனதில் நிற்கிற கட்டளைதான். இரண்டும் சேர்ந்தால், முதல் தலைமுறை என்பதால் நாம் எங்கும் பின்தங்க வேண்டியதில்லை. முயன்று பாருங்கள் நண்பர்களே!