இடங்காட்டும் கைக்கடிகாரம்

காலத்தைக் காட்டும் கருவி இடத்தையும் காட்டவல்லது என்பது இன்று நேற்றுத் தோன்றிய செய்தி அன்று. நாற்புறமும் நீரன்றி வேறொன்றும் தோன்றாத நடுக்கடலில், தம் கப்பல் எவ்விடத்தில் மிதக்கின்றது என்பதை அறியாது மாலுமிகள் பல நூற்றாண்டுகள் அல்லலுற்றனர். கதிரவனையும் விண்மீன்களையும் நோக்கி வடக்கு தெற்காகத் தாம் இருக்கும் நிலையை அவர்கள் கணித்தனர். கிழக்கு மேற்கு நிலையைக் கணிக்கும் வழி அறியாது திகைத்தனர். 1707ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் தென்மேற்கேயுள்ள சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி நான்கு போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய துன்பங்களைத் தடுக்கக் கருதிய பிரிட்டிஷ் பாராளுமன்றம், கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் வழி காண்போருக்கு 20,000 பவுன் வரை பரிசளிப்பதாக 1714இல் சட்டம் இயற்றியது.

அவ்வழியைக் கண்டவர் பெரும் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். ஜான் ஹாரிசன் என்னும் தச்சர். பூமி 24 மணி நேரத்தில் ஒரு முறை தன்னைத் தானே சுற்றுகின்றது. ஆகவே, இரண்டு இடங்களின் நேரம் ஒரு மணி வேறுபட்டால், அவற்றின் தீர்க்கரேகை 15 பாகை வேறுபடும். புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் ஒன்று கப்பலில் இருந்தால் போதும்; இடம் தானே விளங்கும். ஹாரிசன் 1759இல் செய்து முடித்த கடிகாரம், 1761இல் ஜமெய்க்காவை நோக்கிச் சென்ற கப்பலில் சோதிக்கப்பட்டது. 81 நாட்களில் அது ஏறத்தாழ ஐந்து விநாடிகளே பிந்தியது. இன்று மணிக்கட்டில் அணியப்படும் இடங்காட்டும் கடிகாரமும் இதே உண்மையை அடிப்படையாகக் கொண்டதேயாகும்: நேரத்தை நுட்பமாக அளந்தால் இடத்தை அறியலாம்.

1957ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியது. அதிலிருந்து வந்த வானொலி அலைகளின் மாறுதலை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் சிலர், அக்கோள் செல்லும் பாதையை நிலத்திலிருந்தே கணித்தனர். கோளின் பாதை தெரிந்தால், நிலத்தில் நிற்பவன் தன் இடத்தை அறியலாம் அன்றோ? இவ்வெண்ணமே வித்தாயிற்று. அவ்வித்திலிருந்து பின்னாளில் வளர்ந்ததே ஜி.பி.எஸ். என்னும் அமைப்பு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதன் முதற் கோளை 1978இல் செலுத்தியது. 1995இல் அமைப்பு முழுமை பெற்றது. 1983இல் வழி தவறிச் சோவியத் எல்லைக்குள் பறந்த கொரிய விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட, அதிலிருந்த 269 பேரும் உயிரிழந்தனர். அதன் பின்னரே, இவ்வமைப்பு பொதுமக்களின் பயனுக்கும் திறந்து விடப்படும் என அந்நாடு அறிவித்தது. எனினும், பொதுமக்களுக்குரிய அலைகளில் வேண்டுமென்றே ஒரு பிழை புகுத்தப்பட்டிருந்தது. அப்பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்ட பின், திறந்த வெளியில் சில மீட்டர் அளவுக்கு நுட்பமாக இடத்தை அறிதல் எவருக்கும் எளிதாயிற்று.

ஜி.பி.எஸ். கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளொன்றுக்கு இரு முறை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. ‘நான் இவ்விடத்தில் இருக்கின்றேன், இப்பொழுது மணி இவ்வளவு’ என்று ஒவ்வொரு கோளும் ஓயாது அறிவித்துக் கொண்டிருக்கின்றது. அவ்வறிவிப்பு விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர்கின்றது. அது வர எடுத்துக் கொண்ட நேரத்தைக் கொண்டு கோளின் தொலைவைக் கடிகாரம் கணிக்கின்றது. மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் புலப்படும். ஆனால், கையில் உள்ள கடிகாரம் அணுக்கடிகாரத்தைப் போல் நுட்பமானது அன்று. அதன் நேரத்தைத் திருத்திக் கொள்ள நான்காவது கோள் ஒன்றும் வேண்டும். விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால், தொலைவில் 300 மீட்டர் பிழை நேரும் என்பதை எண்ணினால், இக்கணக்கின் நுட்பம் விளங்கும்.

ஜி.பி.எஸ். கொண்ட முதற் கைக்கடிகாரத்தை ஜப்பானின் காசியோ நிறுவனம் 1999இல் வெளியிட்டது. ஓடுவோருக்கெனவே கார்மின் நிறுவனம் செய்த ஃபோர்ரன்னர் கடிகாரங்கள் 2003இல் வந்தன. இன்று ஸ்மார்ட்வாட்ச் என வழங்கும் கடிகாரங்கள் ஓடிய தொலைவு, வேகம், ஏறிய உயரம், இதயத் துடிப்பு ஆகிய அனைத்தையும் பதிவு செய்கின்றன. ஆனால், இத்துணை வேலைகளையும் செய்வதற்கு அவற்றினுள் இருப்பது மிகச் சிறியதொரு மின்கலமே.

கடிகாரம் கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. கோள் கூறுவதைக் கேட்க மட்டுமே செய்கின்றது. கேட்பதற்கு இவ்வளவு மின்சாரம் எதற்கு என்னும் ஐயம் எழலாம். நெடுந்தொலைவு கடந்து வரும் அவ்வலையின் ஆற்றல், நிலத்தை அடையும்போது ஒரு வாட்டின் கோடி கோடியில் ஒரு பங்கைக் காட்டிலும் குறைந்து விடுகின்றது. திருவிழாக் கூட்டத்தின் பேரிரைச்சலில், தொலைவில் ஒருவர் முணுமுணுக்கும் சொல்லைப் பிரித்தறிவதற்கு ஒப்பானது அதனைக் கண்டறிவது. ஒவ்வொரு கோளுக்கும் உரிய குறியீட்டை நினைவில் வைத்து, வந்த அலையோடு இடைவிடாது ஒப்பிட்டுக் கணித்தல் வேண்டும். அக்கணக்கே மின்கலத்தை உண்கின்றது.

ஆகவே, இடத்தைப் பதிவு செய்யும் முறைகள் பலவாக வகுக்கப்பட்டுள்ளன. தனக்கெனக் கருவி இன்றி, உடன் உள்ள கைப்பேசியின் ஜி.பி.எஸ்ஸை இரவல் பெறுவது ஒரு முறை. 2015இல் வந்த முதல் ஆப்பிள் கடிகாரம் அவ்வகையினது. மறு ஆண்டில் வந்த அதன் இரண்டாம் வரிசையே ஜி.பி.எஸ்ஸைத் தன்னுள் பெற்றது. இம்முறையில் கடிகாரத்தின் மின்சாரம் மிஞ்சும். ஆனால், கைப்பேசியைச் சுமந்தே ஓடல் வேண்டும். ஜி.பி.எஸ். ஒன்றை மட்டும் கேட்பது இரண்டாம் முறை. ரஷ்யாவின் குளோநாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய பிற அமைப்புகளின் கோள்களையும் சேர்த்துக் கேட்பது மூன்றாம் முறை. ஒரே கோளின் அலைகளை இரண்டு அலைவரிசைகளில் கேட்பது நான்காம் முறை. உயர்ந்த கட்டடங்களிலும் பாறைச் சுவர்களிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி அலைகள் கடிகாரத்தை ஏமாற்றும். இரட்டை அலைவரிசை அவ்வேமாற்றத்தைப் பெரிதும் குறைக்கின்றது.

நுட்பம் மிக மிக, மின்கலத்தின் ஆயுள் குறையும். கார்மின் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஃபோர்ரன்னர் 255 என்னும் கடிகாரத்திற்கு அந்நிறுவனமே தந்துள்ள கணக்கு இதற்குச் சான்றாகும். இடத்தைப் பதியாது அணிந்திருந்தால் அது 14 நாட்கள், அதாவது 336 மணி நேரம், இயங்கும். ஜி.பி.எஸ். மட்டும் இயங்கினால் 30 மணி. அனைத்து அமைப்புகளும் இயங்கினால் 25 மணி. இரட்டை அலைவரிசையும் சேர்ந்தால் 16 மணி. இவை யாவும் பேரளவுகள். முதலளவும் இறுதியளவும் ஒன்றுக்கொன்று 21 மடங்கு வேறுபடுவதைக் காண்க.

இவ்வெண்கள் வெறும் கணக்கல்ல என்பதை ஆல்ப்ஸ் மலையில் காணலாம். பிரான்சு நாட்டின் ஷமோனி நகரில் தொடங்கி, மோன் பிளான் மலைத்தொகுதியைச் சுற்றி, இத்தாலி, சுவிட்சர்லாந்து நாடுகளின் வழியே மீண்டும் அந்நகரை அடையும் ஓட்டப்பந்தயம் ஒன்று 2003 முதல் நடைபெற்று வருகின்றது. அதன் தொலைவு ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஏறும் உயரம் மொத்தம் ஏறத்தாழ 10,000 மீட்டர். 2022இல் கிலியன் ஜோர்நெட் அதனை 20 மணி நேரத்திற்குள் ஓடி முடித்தார். ஏனையோருக்கு 46½ மணி நேரம் வரை காலம் தரப்படுகின்றது. மேற்கூறிய கடிகாரத்தை அணிந்தவர் மிகு நுட்ப முறையைத் தேர்ந்தால், வெற்றி வீரராயினும் முடிவுக்கு முன்பே அஃது அணைந்து விடும். மெல்ல ஓடுபவருக்கோ 30 மணி நேர முறையும் போதாது. அவர் கடக்க வேண்டிய இரண்டாம் இரவில் பனிமூட்டம் சூழுமாயின், வழிகாட்டும் கருவியே வாய் பேசாது கிடக்கும்.

இக்குறையைப் போக்க, இடத்தை விட்டு விட்டுப் பதியும் முறை ஒன்றும் உண்டு. 2018இல் வந்த சூன்டோ 9 என்னும் கடிகாரம், இடைப்பட்ட வழியைத் திசைகாட்டியாலும் அசைவை அறியும் கருவியாலும் உய்த்துணர்ந்து, 120 மணி நேரம் வரை இயங்குமாறு அமைக்கப்பட்டது. ஆயினும், இம்முறைக்கும் விலை உண்டு. மணிக்கு 6 கிலோமீட்டர் செல்பவர் ஒரு நிமிடத்தில் 100 மீட்டர் கடப்பார். நிமிடத்திற்கு ஒரு முறை மட்டும் இடத்தைப் பதிந்து, புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்தால், மலைப்பாதையின் வளைவுகள் மறைந்து போகும். ஓடிய தொலைவும் குறைவாகவே தோன்றும்.

மின்சாரத்தைக் காக்கும் எளிய வழிகளும் பல. புறப்படுமுன் கைப்பேசியோடு கடிகாரத்தை இணைத்தால், கோள்களின் பாதை விவரங்களை அது முன்னரே பெற்றுக் கொள்ளும். வானைத் துழாவும் நேரம் குறையும். திரையின் ஒளியைத் தணித்தலும், இசையை நிறுத்துதலும், வேண்டாத அறிவிப்புகளை விலக்குதலும் நன்மை தரும். கடுங்குளிரில் லித்தியம் மின்கலத்தின் ஆற்றல் குறையும் என்பதையும், ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவு தேயும் என்பதையும் மறத்தல் ஆகாது. புதிய கடிகாரத்தின் அளவை நம்பிப் பழைய கடிகாரத்தோடு மலையேறுதல் அறிவுடைமை அன்று.

ஊர்ப்புறத்துத் திறந்த வெளியில் அரை மணி நேரம் ஓடுபவருக்கு எம்முறையும் போதும். மாடங்கள் நெருங்கிய நகரில் ஓடுபவருக்கு இரட்டை அலைவரிசை உதவும். இரவும் பகலும் நடப்பவருக்கோ நுட்பத்தினும் நீடிப்பே பெரிது. செல்லும் வழியையும் செலவாகும் நேரத்தையும் முதலில் எண்ணி, அதற்கேற்ற முறையைத் தேர்பவரே கருவியை ஆள்பவர். உள்ள ஆற்றல் அனைத்தையும் முதல் நாழிகையிலேயே செலவிட்டு, இறுதி நாழிகையில் இருளில் நிற்பது எவர்க்கும் தகாது. ஹாரிசனின் கடிகாரத்தை ஏற்றிய கப்பலிலும் வரைபடமும் மாலுமியின் கூர்த்த கண்ணும் இருந்தன. விண்ணின் கோள்கள் மணிக்கட்டிற்கு இறங்கி வந்து வழி கூறும் இந்நாளிலும் அவ்விரண்டிற்கும் வேலை உண்டு.