அரையாண்டு விடுமுறையில் வாண்டுகளைச் சமாளிக்க...

• மார்கழிக் கோலத்துக்குப் பிள்ளைகளையும் எழுப்புங்கள். 5 புள்ளி, 5 வரிசை போதும். புள்ளி வைத்தபடியே எண்ணப் பழகுவார்கள். அரிசி மாவில் போட்டால், எறும்பு மாவை இழுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார்கள்.

• இது பச்சைப் பட்டாணி சீசன். உரிக்கும் வேலையைக் கொடுங்கள். குட்டிப் பிள்ளைகள் மூக்கில் போட்டுக்கொள்வார்கள், கவனம்!

• எண்ணெய்க் குளியலை வெயில் ஏறியபின் வைத்துக்கொள்ளுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் வெந்நீர். குழந்தை கையை விட்டாலும் சுடாது.

• செல்போன் நேரத்தை முதல் நாளே பேசி முடிவுசெய்யுங்கள்.

• பள்ளி திறக்க 3 நாள் இருக்கும்போதே வழக்கமான நேரத்தில் தூங்கவையுங்கள். ஷூவைப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் பருவப் புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டையும் லேபிளும் வாங்கிவிடுங்கள்.