சாலையிற் பொச்சாவாமை

திருக்குறட் பொருட்பாலில் 54-ஆவது அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பாவது மறதி, அதிலும், உள்ளம் மகிழ்ந்து செருக்கியிருக்கும்போது வரும் மறதி என்பது பரிமேலழகர் உரையால் விளங்கும். இதனை வகுப்பில் ஓதியபோது, அது முடியுடை வேந்தர்க்கே உரியதென யாம் எண்ணியிருந்தோம். இன்று மோட்டார் வண்டியின் கைப்பிடியைப் பற்றும் ஒவ்வொருவரும் பிறருயிரைத் தம் கையிற் கொண்ட சிற்றரசரே யாவர். ஆதலின் வண்டி ஓட்டுவார் கவனஞ் சிதறாமை குறித்துச் சில கூறத் துணிகின்றோம்.

நம் தஞ்சை நாட்டுச் சாலைகளின் இயல்பை முதலில் நோக்குவோம். தஞ்சையினின்று திருவையாறு செல்வோர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்னும் ஐந்து ஆறுகளைக் கடக்கின்றனர். ஆற்றங்கரையையும் வாய்க்காற்கரையையும் ஒட்டிய கிளைச்சாலைகள் பல. அவற்றில் ஒருபுறம் நீர், மறுபுறம் தாழ்ந்த வயல். அறுவடைக் காலத்திற் சாலையின் பாதி களமாகி, அதில் நெல் உலரும். அறுத்த வயலை நாடி வாத்துக் கூட்டம் சாலையைக் கடக்கும். திருப்பத்தில் அறுவடை இயந்திரம் எதிர்ப்படும். இத்தகைய சாலை, சென்ற கணத்தில் இருந்தவாறே இக்கணத்தில் இராது.

இதனைப் பிறர்க்கு உபதேசிக்குந் தகுதி எமக்கு மிகுதியாக இல்லை. ஒரு தை மாதத்து மாலை, தலைக்கவசத்துட் கைப்பேசியைச் செருகிக்கொண்டு, நண்பர் ஒருவரோடு தேர்வைப் பற்றிப் பேசியவண்ணம் கரைச்சாலையிற் சென்றோம். கண்கள் சாலைமேலிருந்தன, கைகளிரண்டும் பிடியின்மேலிருந்தன. எனினும், உலர்ந்த நெல்லைக் குவித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை, அவர் கூவிய பின்னரே கண்டோம். வண்டி நெல்லிற் சறுக்கி வீழ்ந்தது. அவர்க்கு ஊறில்லை. அவர் எம்மை வையவுமில்லை, "எந்திரிப்பா, அடிகிடி பட்டுடுச்சா?" என்றே வினவினார். அச்சொல் வசவினுங் கடுமையாக எம்மைச் சுட்டது. கண் திறந்திருந்தும் யாம் காணாதது எங்ஙனம்?

ஆராய்ச்சியாளர் இதற்கு விடை கூறியுள்ளனர். கவனச் சிதைவு மூவகைப்படும்: கண் சாலையை விட்டு நீங்குதல், கை பிடியை விட்டு நீங்குதல், மனம் ஓட்டுந் தொழிலை விட்டு நீங்குதல். முன்னிரண்டும் பிறர்க்குப் புலனாகும். மூன்றாவதை ஓட்டுவோனும் உணரான். கானடா நாட்டு டொராண்டோ நகரில், விபத்திற்குட்பட்ட 699 ஓட்டுநர்களின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து 1997-இல் வெளிவந்த கட்டுரையொன்று, பேசும்போது விபத்து நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது எனக் கண்டது. கருவியைக் கையிற் பிடியாது பேசுதலாலும் பயன் காணப்படவில்லை. செய்தி படித்தலோ இன்னுங் கொடிது. மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் வண்டி, மூன்று விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். அத்துணைத் தொலைவையும் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்கு அது நிகராகும்.

சட்டமும் வாளாவிருக்கவில்லை. ஓட்டுங்கால் கைப்பேசியைக் கையிற்கொண்டு பயன்படுத்துதலை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவிற் சேர்த்து, அபாயகரமாக ஓட்டுதலுள் ஒன்றாக்கிற்று. ஆயினும் சட்டம் கையைக் காணுமேயன்றி மனத்தைக் காணாது. அதனைக் காவல் செய்பவர் ஓட்டுவோரே.

"அறியாமல் நேர்ந்தது" என்பதே விபத்தின்பின் பலரும் கூறும் மொழி. இம்மொழிக்கு நம் நாட்டிலேயே பழைய விடையொன்றுண்டு. திருவாரூரில் அரசகுமரனது தேர்க்காலில் ஆன்கன்று அகப்பட்டு இறந்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார். கன்று தானே இடையிற் புகுந்தது. குமரன் வேண்டிச் செய்தானல்லன். அமைச்சர் கழுவாய் கூறினர். மனுநீதிச் சோழனோ அதனை ஏற்றிலன். அவன் விதித்த தண்டத்தை இன்று நாம் வேண்டோம். எனினும், ஓட்டினவனது கருத்தைக் காட்டிலும் கன்றை இழந்த பசுவின் துயரையே அவன் பெரிதாக எண்ணினான் என்பது சிந்திக்கற்பாலது. இறந்த உயிர்க்கு நம் அறியாமை ஆறுதலாகுமோ?

செயற்குரியன சிலவே. புறப்படுமுன் கைப்பேசியை ஒலியடக்கிப் பையுள் வைத்தல் வேண்டும். செல்லும் வழியை முன்னரே பார்த்துக்கொள்ளல் வேண்டும். இன்றியமையாத அழைப்பாயின், மரநிழலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசலாம். அழைப்போர்க்கும் கடமையுண்டு: மறுமுனையில் உள்ளவர் வண்டியோட்டுகின்றார் என்றறிந்தவுடன், "பிறகு பேசுவோம்" எனக் கூறி முடித்தல் நட்பின் இலக்கணமாகும்.

அத்திருவாரூரில் ஆழித்தேர் ஓடுநாளிற் காண்போர் கண்கள் தேரின் உச்சியையும் பெருங்கூட்டத்தையும் நாடும். முட்டுக்கட்டை இடுவோர் கண்களோ சக்கரத்தை விட்டு அகலா. அவர்க்கும் விழாக் காணும் ஆசை இல்லாமலில்லை. ஆயினும் அதனை நிலை சேர்ந்த பின்னர்க்கென ஒதுக்கி வைக்கின்றனர். உடன்பயிலும் நண்பர்காள், நம் பேச்சும் வீடு சேருங்காறும் காத்திருக்குமன்றோ?